மணி அடிக்கும்போது வந்த வெங்காயம்

பிரவீணா மேடையேறி வெங்காயத்தைப் பற்றிப் பேசப் போகிறாள் என்றதும் எங்கள் தெரு சிரித்தது. அதுவும் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன பெரம்பலூரில்! மற்றவர்கள் வீட்டு விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. பிரவீணா வீட்டுச் சமையலறை ஜன்னல் எங்கள் பக்கம் திறக்கிறது, அவ்வளவுதான்.

2006-ஆம் வருடம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அதே கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தாள் அவள். மழை வந்தால், சேர்த்து வைத்த சின்ன வெங்காயம் அடியிலிருந்து அழுகித் தெருவே நாறும். அதற்காக ஒரு கம்பிவலைக் கூண்டு செய்திருந்தாள். நடுவில் ஓட்டை போட்ட குழாய், உச்சியில் காற்றுக்குச் சுற்றும் தகரத் தொப்பி. உள்ளேயிருக்கும் புழுக்கத்தை அது இழுத்து வெளியே தள்ளுமாம். கார்த்திகை மழையிலும் அந்தக் கூண்டு வெங்காயம் தோல் சலசலக்கக் காய்ந்து கிடந்தது. துணி உலர்த்தும்போது மதில் தாண்டிக் கண்ணில் பட்டது.

மாசியில் கல்லூரியில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்குப் போட்டி. ஆளுக்கு மூன்று நிமிடம். ஜெயித்தால் எங்கள் ஊர் விவசாயிகளுக்குக் கல்லூரியே கூண்டு கட்டித் தரும். அவளும் ஆராய்ச்சியைத் தொடரலாம். இல்லையென்றால் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை.

அவள் அப்பா செல்லமுத்து, மைக் இருக்கும் இடமெல்லாம் பேசுகிறவர். காதுகுத்தோ, சங்கக் கூட்டமோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

"நேரா கூண்டப் பத்திச் சொல்லிடறேன்ப்பா. மூணு நிமிசந்தான்."

"எடுத்த எடுப்புல வெங்காயமா? பேர் சொல்லி வணக்கம் வெக்கலைன்னா, செல்லமுத்து மவளுக்குச் சபை மரியாதை தெரியலம்பாங்க."

"மணி அடிச்சிருவாங்கப்பா."

"அடிக்கட்டுமே. பேசிக்கிட்டிருக்கிற பொண்ண எவன் எறங்கச் சொல்லுவான்?"

"அவ பேச்ச அவ பேசட்டும், வுடுங்களேன்" என்றாள் தாய் முத்தாயி. ரசம் கொதித்த சத்தத்தில் அது எடுபடவில்லை.

போட்டிக்கு நானும் போனேன். தெருவில் யாராவது ஒருவர் போக வேண்டாமா? முதலில் வரதராஜன்பேட்டைப் பையன் ஆரோக்கிய பிரபு. ஏறியதுமே, "கெணத்துல எவ்வளவு தண்ணி கெடக்குன்னு மோட்டார் போடறதுக்கு முன்னாடியே தெரியணுமா?" என்று ஆரம்பித்தான். வணக்கம்கூட இல்லை.

"என்ன வளர்ப்போ!" என்றார் முன்வரிசையில் செல்லமுத்து.

அடுத்து பிரவீணா. அப்பாவைப் பார்த்தாள். அவர் இரு கைகளையும் கூப்பிக் காட்டினார்.

"பெருமதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே..." முதல்வர், நடுவர்கள், துறைத்தலைவர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. ஒலிபெருக்கி அமைத்த அண்ணன் வரைக்கும் வந்துவிட்டாள். ஒவ்வொரு 'அவர்களே'வுக்கும் செல்லமுத்து தலையாட்டினார். அவள் மூச்செடுத்துக்கொண்டு, "சின்ன வெங்காயம்..." என்றாள்.

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சிருச்சும்மா" என்றார் நடுவர் அம்மாள், பாவம், வருத்தத்தோடுதான். முதலில் கைதட்டியது செல்லமுத்து.

பிரபு ஜெயித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பின் சீட்டு.

"இன்னும் ஒரு நிமிசம் குடுங்கன்னு கேட்டுப் பாத்திருக்கலாம்ல கண்ணு?"

"கேட்டேனேப்பா. உங்ககிட்டதான்."

 

ஐப்பசி மழையில் தெரு வழக்கம்போல் நாறியது. பிரவீணா சென்னையில். கொல்லையில் கூண்டின் தொப்பி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

தை மாதம் எங்கள் தெரு அய்யம்பெருமாள் வீட்டுக் காதுகுத்தில் செல்லமுத்து கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தோம்.

"புள்ளைக்குக் காது குத்தியாச்சு. சாப்புட வாங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

"தாய்மாமன் பேரக்கூடச் சொல்லல, இந்தாளுக்கு என்ன மரியாதை தெரியும்?" என்று மாமன் வீட்டார் குதித்தார்கள். செல்லமுத்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.