மூன்று மொழிப் பந்தயம்

அந்த ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கொழுந்தன் அப்படிக் கூப்பிட்டான், அதைக் கேட்டு கூரியர்காரர் கூப்பிட்டார், கடைசியில் அப்பா வயதுள்ள பல் டாக்டரே போனில் "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஆபீஸ் என்பது மூன்று நாற்காலி, மூன்று கம்ப்யூட்டர், ஒரு வெள்ளைப் பலகை. முதலாளி அவள் கணவன்.

பல் டாக்டருக்கு ஏகப்பட்ட கிளினிக்குகள். எந்த டாக்டர் எப்போது காலி என்று பார்த்து நோயாளிகள் நேரம் பதிவு செய்துகொள்ளும் வெப்சைட்டை ஏழு வருஷத்துக்கு முன்னால் அண்ணி பிஹெச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். புதிதில் சிட்டாகப் பறந்தது. வருஷம் ஆக ஆக மந்தமாகி, இப்போது பக்கம் திறப்பதற்குள் பல் தானாக விழுந்துவிடும் என்கிற நிலைமை. டாக்டர் கத்தும்போதெல்லாம் கணவனிடம் ஒரே பதில்தான் இருந்தது: "அது பிஹெச்பி சார், அப்படித்தான் இருக்கும். அவ பார்த்துக்கிட்டிருக்கா."

அவளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். பாதி ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. குற்றவாளி அகப்படவில்லை. அப்படியானால் குற்றவாளி நான்தான் போலிருக்கிறது என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். ஒரு மனுஷியை இதைவிட என்ன செய்ய வேண்டும்?

இந்த லட்சணத்தில் படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்தான் கொழுந்தன். வந்த வாரமே பிஹெச்பியைத் தூக்கி எறியலாம் என்றான். பைத்தானில் எழுதலாம், இல்லாவிட்டால் ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம், இரண்டும் பறக்கும் என்றான். அண்ணிமேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. அவளுடைய ஏழு வருஷ உழைப்பைக் குப்பையில் போடலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னான்.

பந்தயம் வைத்துப் பார்த்துவிடலாம் என்றான் கணவன். மனைவிக்கும் தம்பிக்கும் நடுவே பாரபட்சம் பார்க்காத நடுவராகத் தானே இருப்பதாகவும் அறிவித்தான். காலியான நேரங்களைக் காட்டும் அந்த ஒரு பக்கத்தை மூன்று மொழியிலும் எழுத வேண்டும். மூன்றும் ஒரே கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். எது ஜெயிக்கிறதோ அந்த மொழிக்கு முழு வெப்சைட்டும் மாறும். பதிவுகளெல்லாம் கிடக்கும் டேட்டாபேஸ் மட்டும் பொது. அது கணவனின் தனி ராஜ்ஜியம். அதன் அமைப்பில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது முதல் நாளிலிருந்தே சட்டம்.

பந்தயக் கருவி ஒரு எளிமையான ஜந்து. ஆயிரம் நோயாளிகள் போல நடித்து ஆயிரம் முறை பக்கத்தைக் கேட்கும், பதில் வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். வந்த பதிலைப் படித்துப் பார்க்கும் வழக்கம் அதற்குக் கிடையாது.

பைத்தானுக்கு ஒரு பக்கத்துக்கு நாலு நொடி. ஜாவாஸ்கிரிப்டுக்கும் ஏறக்குறைய அதே. கொழுந்தன் நகத்தைக் கடித்தான். அடுத்து பிஹெச்பி. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆயிரமும் முடிந்துவிட்டது. நடுவர் எண்களை வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். கொழுந்தன் எழுந்து வந்து அண்ணியின் கையைக் குலுக்கினான்.

அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. நோயாளி கண்ணால் ஒரு தடவை பார்ப்போமே என்று ஆசையாகத் தன் பக்கத்தைத் திறந்தாள். திறந்த வேகத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: மன்னிக்கவும், சிறிது நேரம் கழித்து முயற்சி செய்யவும்.

பந்தயத்துக்காகப் புரோகிராமை இந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவள், டேட்டாபேஸின் விலாசத்தை மாற்ற மறந்திருந்தாள். டேட்டாபேஸ் கிடைக்காத புரோகிராம், அவள் பழக்கிவைத்தபடியே, ஆயிரம் பேரிடமும் பணிவாக மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அதில்தான் ஜெயித்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு விலாசத்தை மட்டும் திருத்திவிடலாம். யாருக்கும் தெரியாது. பலகையில் எண் இருக்கிறது, பிஹெச்பி பிழைக்கும், இத்தனை வருஷமாகக் கேட்ட பேச்சும் நிற்கும். ஆனால் நாளைக்கு டாக்டர் பக்கத்தைத் திறந்தால் அதே மந்தம்தான். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகள். நினைத்தபோதே அவளுக்கு அழுகை வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது, அதுதான் உதவியது.

"நான் ஜெயிக்கல. இந்தக் குடும்பத்துல கேட்டவுடனே மன்னிப்பு கேக்குறது என் புரோகிராம் ஒண்ணுதான், அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டு, விலாசத்தைத் திருத்தி மறுபடி ஓட்டச் சொன்னாள்.

நாலு நொடி. அசல் நாலு நொடி. மூன்று மொழியும் தோளோடு தோள் ஒட்டி நின்றன.

கொழுந்தன் முகம் தொங்கிப்போனது. அண்ணி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வண்டியும் ஒரே அளவு தாமதமாக வந்து சேர்ந்தால் வண்டியைக் குறை சொல்லி என்ன பயன், வழியில் எங்கோ ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. எந்த மொழியையும் நடுவில் வைக்காமல், பக்கம் கேட்கும் அதே கேள்வியை டேட்டாபேஸிடம் நேராகக் கேட்டாள். பதில் வர நாலு நொடி ஆனது.

இன்றைக்குக் காலியான ஒரு நேரத்தைத் தேட, டேட்டாபேஸ் ஏழு வருஷத்துப் பழைய பதிவு ஒவ்வொன்றையும், டாக்டர்கள் பிடுங்கிய ஒவ்வொரு பல்லையும், முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. தேதியை வைத்து நேராகப் போய் எடுக்க ஒரு இண்டெக்ஸ், புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி, போட்டிருக்க வேண்டும். ஒரு வரி வேலை. போடவில்லை.

"அண்ணா, இந்த டேட்டாபேஸ் யாரு போட்டது?" என்று கேட்டான் கொழுந்தன். தெரிந்துகொண்டேதான் கேட்டான்.

நடுவர் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் தட்டினார். மறுபடி ஓட்டியபோது மூன்று மொழியும் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்தன. உடனே அவருக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடித்தார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார், அடிக்காத போனை எடுத்துப் பார்த்தார். பிறகு, எல்லாம் சரியாகிவிட்டதே, சாப்பிடப் போகலாமா என்றார்.

அண்ணி நாற்காலியைக் கணவன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "டாக்டர்கிட்ட எத்தனை தடவை என் பேரைச் சொல்லியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவன் தரையைப் பார்த்தான். "தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கோ" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் சின்ன அறை, எல்லோருக்கும் கேட்டது. அண்ணி தலையை மட்டும் ஆட்டிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொழுந்தன் எழுந்துபோய், வெள்ளைப் பலகையில் மூன்று மொழிகளின் நேரத்துக்கும் கீழே நாலாவதாக ஒரு வரி சேர்த்தான்.

அண்ணன்: ஏழு வருஷம்.

அதை யாரும் அழிக்கவில்லை.