பச்சைத் தண்ணீர்ப் பழக்கம்

வேலை முடிந்து வீடு திரும்பும்போது மருமகளின் விரல்கள் அவள் பேச்சைக் கேட்காது. குளிர்சாதனக் கிடங்கில் காய்கறிப் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவள் மட்டும் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு நிற்பாள். நாள் முழுக்க நினைப்பெல்லாம் வீட்டிலிருக்கும் சுடுதண்ணீர் ஷவர் மேல்தான். அந்தச் சுகமும் பாதியில் பறிபோவதுதான் அவளுடைய தீராத குறை.

தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் அந்த மின்சார ஷவருக்கான ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே, கதவை ஒட்டி இருந்தது. முதுகில் அப்போதுதான் சூடு இதமாக உறைக்கத் தொடங்கும். வெளியே 'டக்' என்று ஒரு சத்தம். உடனே தலையில் பச்சைத் தண்ணீர். யார் வேலை என்று துப்புத் துலக்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் மாமனார் ஒருவர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். ஸ்விட்சில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தால் நிறுத்தாமல் இருக்க முடியவில்லையாக்கும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

முதல்முறை இப்படி ஆனது கல்யாணமான புதிதில். பல் கிடுகிடுக்க வெளியே வந்தவளைப் பார்த்து மாமனார் பதறிப்போனார். "அய்யய்யோ, உள்ள இருந்தியாம்மா? வெறும் லைட்டுன்னு நெனச்சு அணைச்சுட்டேனே!" என்று கையைப் பிசைந்தார். புது மருமகள், நல்ல பேர் எடுக்க வேண்டாமா? "பரவாயில்ல மாமா. கடைசியில பச்சத்தண்ணி ஊத்தினாத்தான் எனக்குக் குளிச்ச மாதிரியே இருக்கும்" என்று வாய்கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். சொன்ன கையோடு அதை மறந்தும் போனாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் கணவனிடம் முறையிட்டாள்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடேன்."

"நீங்க சொல்லுங்க. உங்க அப்பாதானே?"

"எனக்கெதுக்கு வம்பு?" என்ற வீராதி வீரன், ஆளை விட்டால் போதும் என்று, ஸ்விட்சைக் குளியலறைக்குள்ளேயே மாற்றிவிட எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டான். ஈரக் கையோடு வெளியே வந்து ஸ்விட்சைத் தொடப் பயமாக இருக்கிறது என்று மாமனாரிடம் சாக்குச் சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

எலெக்ட்ரீஷியனை எல்லோரும் 'ஷாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். இதுவரை ஒருமுறைகூட ஷாக் அடித்ததில்லை என்று அவர் வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டதால் வந்த பெயர். விடுமுறை நாளில் வந்தவர், அண்ணாந்து பார்த்தார். "உள்ள சாதா ஸ்விட்ச் ஆகாது. தண்ணி படும். சீலிங்ல ஒண்ணு வச்சு, கயிறு தொங்க விடறேன். இழுத்தா ஆன், திரும்ப இழுத்தா ஆஃப்."

மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை மாமனார் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். புது வயர் மேலே போனது, சுண்ணாம்புத் தூள் அவர் மீசையில் கொட்டியது, அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பழைய ஸ்விட்சைக் கழற்றி, அந்த ஓட்டையை ஒரு வெள்ளை மூடியால் மூடிவிட்டு, கயிறு கட்ட ஷாக்கு மறுபடி ஏணியில் ஏறியபோதுதான் மாமனாரின் முகம் சுருங்கியது.

"அப்போ வெளியில ஸ்விட்சே இருக்காதா?"

"இருக்காது மாமா."

"அப்புறம் நான் எப்படிம்மா அணைக்கிறது?"

அகப்பட்டுக்கொண்டாரா என்று மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க எதுக்கு மாமா அணைக்கணும்?"

"நல்லா கேட்ட போ! சோப்பு நுரையோட நீயா வெளிய வந்து அணைப்ப? தண்ணி சத்தத்தக் கேட்டுக்கிட்டே நிப்பேன். இந்நேரம் சோப்பு போட்டு முடிச்சிருப்பன்னு தோணும்போது அணைச்சு விடுவேன். கடைசியில பச்சத்தண்ணி இல்லன்னா உனக்குக் குளிச்ச மாதிரியே இருக்காதே?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முட்டி வலியால் நாற்காலியை விட்டு எழவே யோசிக்கிற மனிதர், இதற்காகத் தினமும் கதவோரம் கால்கடுக்க நின்றிருக்கிறார். இவளோ உள்ளே நின்று அவரை வாய்க்குள் திட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. 'இனிமே நானே கயிற இழுத்து அணைச்சுக்கறேன் மாமா' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. விழுங்கிவிட்டாள்.

"மாமா, எனக்குப் பச்சத்தண்ணின்னாலே ஆகாது. அன்னிக்கு நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு சும்மா சொன்னேன்."

"அப்போ இத்தன நாளா?"

"நடுங்கிக்கிட்டுதான் குளிச்சேன்."

மாமனார் ஏணியை விட்டுவிட்டார். "பெரியவரே, பிடிங்க!" என்று ஷாக்கு மேலிருந்து அலறினார். இன்றைக்கு வரை ஷாக் வாங்காதவருக்கு அதுதான் முதல் ஷாக்.

"அடிப்பாவி! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உங்க மனசு நோகுமேன்னு..."

"இப்ப மட்டும் நோகலியா?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடமே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. "முட்டிய தேச்சுக்கிட்டு வந்து வந்து உன்ன நடுங்க வச்சிருக்கேன் பாரு!"

சாயங்காலம் அவள் கயிற்றை இழுத்துவிட்டு ஷவரின் கீழ் நின்றாள். தோள், முதுகு, விரல் நுனி என்று ஒவ்வொன்றாக உயிர் பெற்றது. சோப்பு போட்டு முடித்த நேரம் வெளியே 'டக்' என்று ஒரு சத்தம். பழக்க தோஷத்தில் கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டாள். தண்ணீர் சூடாகவே கொட்டியது.

"நான்தாம்மா, மூடியத் தட்டினேன். கை கேக்கல" என்றது மாமனாரின் குரல். "சூடு இருக்கா?"

"இருக்கு மாமா."

"அப்போ மெதுவா வா."

"மெதுவாத்தான் வருவேன். நீங்க போய் உக்காருங்க மாமா" என்று உள்ளிருந்தே கத்தினாள்.