சனிக்கிழமை போன ஃபியூஸ்

எங்கள் ஊரில் எவன் மூக்கு உடைந்தாலும் முதலில் அடிபடுவது என் தம்பி யார்மோவின் பெயர்தான். இருபது வயதில் இரண்டு பேரை அடித்தான், உண்மை. ஆனால் மரக்கடை ரௌனோவின் தாடையைக் கோடரிக் காம்பால் உடைத்தது அவன் இல்லை. அந்த மாலை அவன் எங்கள் முற்றத்தில் தனியாக விறகு பிளந்துகொண்டிருந்தான். நான் வேலைக்குப் போயிருந்தேன். பார்த்த சாட்சி முற்றத்துக் கேமரா ஒன்றுதான். அது இரண்டு வாரத்தில் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும் என்பதால், பதிவை முன்பே என் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அவன் மேல் போட்ட வழக்கின் விசாரணை. ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார் வக்கீல்.

சனிக்கிழமை மூன்றரைக்கு உட்கார்ந்தேன். செங்கல் கனத்தில் பழைய டிஸ்க் ஒன்று இருந்தது. பேசாமல் நகல் எடுத்திருக்கலாம். கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்கிறதே என்று, பெரிய புத்திசாலி மாதிரி, அங்கிருந்து வெட்டி இங்கே ஒட்டினேன்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. கார் எஞ்சின் உறையாமலிருக்க மின்சாரத்தில் மாட்டியிருந்தது. மின் அடுப்பில் கறியும் கிழங்கும் வெந்துகொண்டிருந்தன.

"டேய், இது முடியற வரைக்கும் சௌனாவப் போட்றாத. ஃபியூஸ் தாங்காது."

"சரிக்கா! எத்தன தடவதான் சொல்லுவ?"

நாலு மணி ஆயிற்று. சனிக்கிழமை நாலு மணிக்குச் சௌனா என்கிற நீராவிக் குளியலறையின் மின் அடுப்பைச் சூடாக்காத ஆள் ஃபின்லாந்தில் இன்னும் பிறக்கவில்லை. அவன் கை தானாகப் போய்ப் குமிழைத் திருகியிருக்கிறது. டப்பென்று வீடு மொத்தமும் அணைந்தது. டிஸ்க் முனகிக்கொண்டே நின்றுபோனது.

மெயின் ஃபியூஸை மாற்றிக் கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினேன். டிஸ்க் சுற்றத் தொடங்கியது. படிக்க முடியவில்லை, புதிதாக ஃபார்மட் செய்யவா என்று கேட்டது திரை. பழைய இடத்தில் பார்த்தேன். அங்கே அந்த நாளின் பதிவு இல்லை.

யார்மோ துண்டோடு வாசலில் நின்றான். "போச்சா?"

"போச்சு. இனி நீயும் ஜெயிலுக்குள்ள போ."

"சனிக்கிழமையாச்சே... மறந்துட்டேங்க்கா." சிரித்தான். பயந்தால் அவனுக்குச் சிரிப்புதான் வரும். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கண்மண் தெரியவில்லை.

சுற்றிக்கொண்டிருந்த டிஸ்கை வயரோடு தூக்கி அவன் முகத்தில் அறைந்தேன். புருவம் பிளந்தது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது கதவு நிலையில் பட்டு, டிஸ்க் தெறித்துத் தரையில் உருண்டது. விரல் முட்டிகள் வீங்கும்வரை கையால் அடித்தேன், காலால் உதைத்தேன். ஊரையே அடிப்பவன் என்று பெயரெடுத்தவன் ஒரு விரலைக்கூட ஓங்கவில்லை. "போதுங்க்கா... போதும்" என்று தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். துண்டு சிவப்பாகிவிட்டது. நாலு தையல்.

திங்கட்கிழமை யோயென்சூ நகரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஓலவியிடம் டிஸ்கைக் கொடுத்தேன். மின்சாரம் கொடுத்துக் காதருகே வைத்துப் பார்த்தார். உள்ளே கரகரவென்று பிராண்டும் சத்தம் எனக்கே கேட்டது.

"கரண்ட் போனதுல எது எங்க இருக்குன்ற பட்டியல்தான் குழம்பும். படமெல்லாம் உள்ள அப்படியே இருந்திருக்கும். அரை நாள்ல எடுத்துக் குடுத்திருப்பேன்மா" என்றார். "ஆனா இது ஓடிட்டிருக்கும்போதே அடி வாங்கியிருக்கு. உள்ள சுத்தற தட்டு பூரா கீறல். யாரு கீழ போட்டது?"

"கை தவறிடுச்சு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நீதிபதி அவன் நெற்றியைப் பார்த்தார். "இது என்ன காயம்? புதுசா இருக்கே?"

"சௌனா படியில வழுக்கி விழுந்துட்டேங்க" என்றான் யார்மோ. என் பக்கம் திரும்பவே இல்லை.

ரௌனோவின் ஆட்கள் சிரித்தார்கள். வாரம் தவறாமல் எங்கேயாவது அடிதடிக்குப் போகிறவன் என்று நீதிபதியின் முகத்திலேயே எழுதியிருந்தது. எழுந்து நின்று, அடித்தது நான் என்று சொல்லியிருக்கலாம். டிஸ்க் உடைந்த கதையையும் சொல்லியிருக்கலாம். வெட்கம் என் வாயை அடைத்தது. கோபக்காரி என்று என்னை இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பதினோரு மாதம். கடிதத்தை யார்மோ படித்துவிட்டு மடித்து வைத்தான். "உன் கை வலி இப்ப பரவால்லயாக்கா?" என்று கேட்டான்.