சுவருக்குள் மீன்கொத்தி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கிறுக்கி. வரைபடத் தாளின் ஓரத்தில் எப்போதும் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பாள்: நத்தை, பாசி, காய்ந்த விதை. பெயர் வைத்தவர்கள் இன்னொரு அர்த்தத்தையும் சேர்த்துத்தான் வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். "ரெண்டும் சரிதான்" என்பாள்.

ஓவியம் படிக்கத்தான் ஆசைப்பட்டாள். "படம் வரையணும், அவ்வளவுதானே? பொறியியல்லயும் படம்தான் வரையறாங்க" என்று சொல்லி அப்பா கல்லூரியில் சேர்த்துவிட்டார். வேண்டாவெறுப்பாகப் போனவளுக்கு, பாரம் தூண் வழியாக மண்ணுக்குள் இறங்கும் விதம் பிடித்துப்போயிற்று. மரமும் இப்படித்தானே நிற்கிறது என்று பட்டது. வடிவமைப்புப் பொறியாளரானாள். வேலை நாளெல்லாம் கம்பியும் கான்கிரீட்டும். விடுமுறை வந்தால் வர்ணப்பெட்டியோடு வாய்க்கால் கரை.

அந்த வாய்க்காலுக்கே தடுப்புச்சுவர் வடிவமைக்கும் வேலை ஒருநாள் அவள் மேசைக்கு வந்தது. கரை சரிந்துகொண்டிருந்தது. சுவர் வேண்டும்தான், அதில் அவளுக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மண்கரையில்தான் மீன்கொத்திகள் வளை குடைந்து குஞ்சு பொரித்தன. அதனால் சுவரின் மேல்பாதியில் குழாய்களைப் பதித்து, பின்னாலிருந்த மண்வரை அவை போகும்படி வரைந்தாள். சுவரின் பலம் குறையாது என்று கணக்கும் போட்டுக் காட்டினாள்.

தலைமைப் பொறியாளர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, நம்மகிட்ட சுவர் கேட்டாங்களா, கூடு கேட்டாங்களா?"

"கணக்குல தப்பு இருக்கா சார்?"

"கணக்கு சரி. புத்திதான் சரியில்ல. அந்த ஓட்டையெல்லாம் எடுத்துட்டுக் கையெழுத்துப் போடு."

"தப்புன்னா எடுக்கறேன். கேலிக்கெல்லாம் எடுக்க முடியாது."

அவர் முகம் கறுத்துவிட்டது. குழாய்களை அவரே நீக்கினார், கையெழுத்தையும் அவரே போட்டார். அவளைப் பழைய படங்கள் அடுக்கிய அறைக்கு மாற்றினார்.

சுவர் எழுந்தது. மழை விட்டதும் வந்த மீன்கொத்திகள் அதன் எதிரே பறந்து பறந்து பார்த்தன. பிறகு போய்விட்டன. கரையில் நின்று பார்த்தவள் அழவில்லை. அடுத்த விடுமுறையில் பட்டப்பகலில் ஏணியைச் சாய்த்து, குழாய் இருந்திருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு வளையும் அதன் வாயில் ஒரு மீன்கொத்தியுமாகத் தீட்டினாள்.

தலைமைப் பொறியாளர் ஆள் விட்டு வெள்ளையடித்தார். அவள் மறுபடி தீட்டினாள். மறுபடியும் வெள்ளை. அடுத்த முறை அவரே வந்து ஏணியடியில் நின்றார்.

"வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார். கொஞ்சம் நகருங்க, ஏணியைத் தள்ளிப் போடணும்."

வேலை போயிற்று. மாலையில் பேருந்து ஓட்டிக் களைத்து வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார். "விட்டியா, விட வச்சாங்களா?"

"படத்தை அழிச்சு மாளல. அதான் என் பேரை அழிச்சுட்டாங்க."

அவர் செருப்பைக் கழற்றியபடியே கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு எனக்கு லீவுதான். ஏணியைப் பிடிக்க ஆள் வேணும்ல?"

மறுநாள் இருவருமாகத் தீட்டிய படத்தை, எதிர்க்கரை நடைபாதையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். படத்தில் இருக்கிற பறவை நிஜத்தில் எங்கே என்று நகராட்சிக்குப் போய்க் கேட்டார்கள். கேள்வி ஓயவில்லை. வாய்க்காலின் அடுத்த பகுதிக்குச் சுவர் கட்ட வேண்டி வந்தபோது, நகராட்சி அதிகாரியம்மா அவள் வீடு தேடி வந்தார்.

"உங்க குழாய்ச் சுவரை எங்களுக்குப் போட்டுத் தருவீங்களா?"

"தரேன். ஒரு குழாயைக்கூட யாரும் குறைக்கக் கூடாது."

குறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து அவள் வரைந்தபடியே சுவர் வந்தது. ஆனால் அடுத்த மழைக்குப் பின்னும் பெரும்பாலான குழாய்கள் காலியாகவே கிடந்தன. சிலவற்றைக் குளவிகள் பிடித்துக்கொண்டன. ஒன்றில் மட்டும் ஒரு மீன்கொத்தி ஜோடி குடியேறியது.

காலை நடைக்கு வந்த தலைமைப் பொறியாளர் அவளருகே நின்றார்.

"இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார். யார்கிட்டயும் அனுமதி கேட்காம வந்து உட்கார்ந்திருக்கு."

நீலமாக ஒன்று நீரிலிருந்து எழும்பி, மீனோடு குழாய்க்குள் நுழைந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சத்தம் போடாதீங்க" என்றாள். "உள்ள குஞ்சு இருக்கு."