பன்னிரண்டு படங்களின் எடை

மரச்சட்டம் போட்டு முடித்த வெள்ளிக்கிழமை காலையில் மாரியாயியின் புகைப்படம் எழுபத்தேழு கட்டி எடை இருந்தது. இன்றைய கணக்கில் நாற்பத்தாறரை கிலோ. கிள்ளானில் பழைய பேப்பர் வாங்கும் கடையின் தராசில் நிறுத்தது, அதனால் அரைக் கட்டி முன்பின் இருக்கலாம். அதே நேரத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரோடு கூட்டிக்கொண்டிருந்த மாரியாயிக்கு எடை என்பதே இல்லாமல் போயிற்று. இது நடந்தது 1979இல், வெங்காயம் விலை ஏறியிருந்த மாதத்தில்.

படத்தை எடுத்தவள் புனிதவதி. யாழ்ப்பாணத்து வழி வந்தவள், அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட், வயது முப்பத்தெட்டு. கல்யாணம் கூடிவரவில்லை, அவளும் அதைத் தேடிக்கொண்டு அலையவில்லை. ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரயில்வே குவார்ட்டர்ஸைச் சுற்றினாள். தண்டவாளம் போட்டவர்கள், மூட்டை தூக்கியவர்கள், ரோடு கூட்டியவர்கள் என்று உழைத்து அலுத்த முகங்களாகப் பார்த்து எடுத்தாள். அந்த முகங்கள் ஒரே ஒரு தடவை, ஒரு சுவரில், வரிசையாக மாட்டப்பட்டு நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வேறெதற்கும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அதிகம் கேட்கத் தெரியாதவள் என்பதால் பன்னிரண்டு படங்களை மட்டும் பொறுக்கி எடுத்தாள். உள்ளூர்ச் சங்கம் ஒன்று போனால் போகிறது என்று தன் மண்டபத்தை மூன்று நாளைக்குத் தர ஒத்துக்கொண்டது.

கையில் காசு கிடையாது. கடையில் பிரிண்ட் போட்டுக் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், காலாவதியான பேப்பர்ப் பெட்டிகளைப் படக்கடையில் பாதி விலைக்கு வாங்கினாள். குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, படம் பெரிதாக்கும் என்லார்ஜரை இரவல் வாங்கி ஸ்டூல் மேல் ஏற்றி, மூன்று பிளாஸ்டிக் பேசின்களில் மருந்து கலக்கினாள். பழைய பேப்பரில் படம் வெளிறித்தான் விழும். ஒவ்வொரு முகத்தையும் நாலைந்து தடவை போட்டுப் பார்த்து, உருப்படியானதைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு உலர்த்தினாள். இப்படியே ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. விரல் நுனிகள் மஞ்சளாகிவிட்டன, அலுவலகத்தில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள்.

சட்டம் போட கோலாலம்பூர்க் கடைகள் சொன்ன விலையில் ஒரு சின்ன அலமாரியே வாங்கலாம். யாரோ கிள்ளானில் பக்கிரிசாமியைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அவர் முப்பது வருஷமாகச் சாமி படங்களுக்கும் செத்துப்போனவர்களின் படங்களுக்கும் சட்டம் போடுகிறவர். இடித்த வீடுகளின் ஜன்னல் கண்ணாடியை வாங்கி வெட்டுவார், பின்பக்கத்துக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை, மிச்சம் மீதி மரச்சட்டங்களை இணைத்து ஓரம். அதுதான் மலிவின் இரகசியம். புனிதவதி பன்னிரண்டு படங்களையும் மேசையில் பரப்பியபோது அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். பிறகு, "எல்லாம் உங்க ஆளுங்களா மிஸ்?" என்று கேட்டார். "ஓம் அண்ணே, எல்லாரும் எனக்கு வேண்டிய ஆக்கள்தான்" என்றாள் அவள். பக்கிரிசாமி பெருமூச்சு விட்டுக் கூலியில் பாதியைத் தள்ளினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மலிவாகக் கிடைக்கும்போது யார்தான் காரணம் கேட்கிறார்கள்.

காரணம் இதுதான். உயிரோடு இருக்கிற ஒருவரை ஒற்றையாகச் சட்டம் போட்டு மாட்டுவது நம்மவர்களிடம் வழக்கமில்லை. பன்னிரண்டு ஒற்றை முகங்களைக் கண்டதும் பக்கிரிசாமி, பாவம், ஏதோ பஸ் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் இத்தனை பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். துக்க வீட்டில் விவரம் கேட்பது மரியாதையில்லை என்று வாயை மூடிக்கொண்டார். இறந்தவர்களுக்குச் செய்வதுபோலவே, வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து, பன்னிரண்டு கண்ணாடிகளிலும் நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வைத்த கையோடு படங்கள் கனத்துவிட்டன. தூக்க முடியாமல் சந்தேகப்பட்டு ஒன்றைப் பேப்பர்க் கடைத் தராசுக்கு உருட்டிக்கொண்டு போனது அப்போதுதான்.

பன்னிரண்டையும் லோரியில் ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. கண்ணாடி கனம் போலிருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு பக்கிரிசாமியும் மாட்டிக்கொடுக்க மண்டபத்துக்கு வந்தார். முதல் படத்தை மாட்டியதும் ஆணி, காரை, செங்கலில் பாதி எல்லாம் சேர்ந்து தரைக்கு வந்தன. இரண்டாவது ஆணியை அடிக்கும்போதுதான் வேலை முடிந்து மாரியாயி உள்ளே வந்தாள். வாசலில் கொட்டியிருந்த ஈர மணலை மிதித்து வந்தவளின் காலடி அதில் பதியவே இல்லை. "புனிதம், முட்டி வலிக்கவே இல்லலா" என்றாள். "முப்பது வருசமா வலிச்ச முட்டி. காலைல பத்து மணிலேருந்து மெதக்கிற மாதிரி இருக்கு." பக்கிரிசாமி அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தம்மா உயிரோடவா இருக்காங்க?" என்றார்.

தப்பைச் சரிசெய்யும் அவசரத்தில், கைக்கு எட்டிய படத்தின் குங்குமத்தைத் துண்டால் துடைத்தார். அது தண்டவாளத் தொழிலாளி தம்புசாமியின் படம். உடனே அதை ஒரு விரலால் தூக்க முடிந்தது. படம் பார்க்க வரச் சொல்லியிருந்ததால் அரை மணி நேரத்தில் தம்புசாமி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார். அரிசி மூட்டையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாராம். காலையிலிருந்து காணாமல்போன முதுகுவலி திடீரென்று திரும்பி வந்து படியிலேயே உட்காரவைத்துவிட்டதாம். நடந்ததைக் கேட்டுக்கொண்டவர் புனிதவதியிடம், "திரும்ப வச்சிடுங்க மிஸ்" என்றார். "ஒரு நாளுதான், அதுக்குள்ள பழகிப்போச்சி." சொல்லும்போதே அழுதார்.

குங்குமத்தைத் துடைத்தால் கண்காட்சி நடக்கும். துடைக்காவிட்டால் இந்தப் பன்னிரண்டு பேரும் வலியில்லாமல் நடப்பார்கள். புனிதவதி மண்டபத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள். ஏழு வருஷம், ஐந்து மாதம், மஞ்சள் விரல்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பிறகு எழுந்து பக்கிரிசாமியின் டப்பாவிலிருந்து குங்குமம் எடுத்துத் தம்புசாமியின் கண்ணாடியில் தானே வைத்தாள். கண்காட்சி ரத்து என்று வாசலில் ஒரு அட்டை தொங்கியது. லோரி மறுபடி வந்து படங்களை அவள் வீட்டு வரவேற்பறையில் சுவரோரம் இறக்கிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு பேரும் லேசாக வாழ்ந்தார்கள். காற்றடிக்கும் நாளில் கேட்டைப் பிடித்துக்கொள்வார்கள், பஸ்ஸில் நெரிசலென்றால் யாராவது கையில் ஏந்திக்கொள்வார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாரம் மூக்கில் விரல் வைத்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். புனிதவதிக்குத்தான் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் வேலைக்குப் புறப்படும் முன் ஒவ்வொரு படத்தையும் கால் விரலால் தள்ளிப் பார்ப்பாள். என்றைக்காவது இவை லேசாகுமா, மாட்டிவிடலாமா என்ற நப்பாசை. 1982இல் ஒரு செவ்வாய்க்கிழமை தம்புசாமியின் படம் நகர்ந்தது. துள்ளிக் குதிக்காத குறையாக அதைத் தூக்கி, வரவேற்பறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, தள்ளி நின்று அழகு பார்த்தாள். தம்புசாமி விடியற்காலையில் இறந்துபோன செய்தி ஒன்பது மணிக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரச் சந்தோஷத்துக்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அதிலிருந்து தள்ளிப் பார்ப்பது வேறு மாதிரி ஆயிற்று. நகரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு தள்ளினாள், நகராத நாளில் நிம்மதியாகத் தேநீர் போட்டாள். ஆனாலும் வருஷங்கள் சும்மா இருக்குமா. '84இல் ஒன்று, '86இல் இரண்டு, குவார்ட்டர்ஸை இடித்த '89இல் மூன்று, தொண்ணூறுகளில் நாலு. வீடு மாறியபோது மூன்றாவது மாடியில் மலிவான பிளாட் கிடைத்தும் அதை விட்டுவிட்டு, சிமெண்ட் தரை தாங்கும் என்று பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வரிசை வீட்டுக்கு அதிக வாடகை கொடுத்தாள். செய்தி வரும் முன்பே துக்க வீட்டுக்குப் போய் நிற்பவள் என்று ஒரு பெயரும் வந்துவிட்டது. சிலர் அவளைக் கண்டால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். அவள் கனவு கண்ட கண்காட்சி இப்படி, ஆள் ஆளாக, பதினாறு வருஷம் வீட்டுச் சுவரில் நடந்தது. 1998இல் சுவரில் பதினொன்று, தரையில் ஒன்று.

தரையிலிருந்தது மாரியாயி. எழுபத்தோரு வயதில் ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே வந்துவிடுவாள். அந்த வருஷம் கோலாலம்பூரில் ஒரு காட்சிக்கூடம் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பன்னிரண்டையும் கேட்டது. வேனில் வந்த இரண்டு ஆட்கள் பதினொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள், பன்னிரண்டாவதோடு மல்லுக்கட்டி வேர்த்தார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மாரியாயி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தொடைச்சி விடு புனிதம். தூக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

"முட்டி?"

"நாலு நாளு வலிச்சா என்னா? நீ எவ்ளோ வருசமா காத்துக்கிட்டு கெடக்கிற."

"வேண்டாம் அக்கா. பதினொன்று போதும். எனக்கு எல்லாத்தையும் மாட்டி முடிக்க ஆசையில்லை" என்று சொல்லிவிட்டுப் புனிதவதி வேன் கதவைத் தானே சாத்தினாள்.

திறப்புக்கு நிறையப் பேர் வந்தார்கள். வெளிறிய முகங்கள் முன்னால் நின்று நின்று நகர்ந்தார்கள். பன்னிரண்டாவது இடத்தில் ஆணியும், அதன் கீழே முன்கூட்டியே அச்சடித்து ஒட்டிய பெயரும் மட்டும் இருந்தன. மாரியாயிக்கு அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரித் தெரிந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சுவரில் கையூன்றி ஒரு எம்பு எம்பி, படம் இருக்க வேண்டிய உயரத்துக்குப் போய், ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புனிதவதி கூட்டத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வரிசையை முதலிலிருந்து எண்ணினாள். பன்னிரண்டு வந்தது. அழுகை வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். சீனப் பெண் ஒருத்தி பெயரைப் படித்துவிட்டு, இவர் எப்போது இறந்தார் என்று மலாயில் கேட்டாள். "இன்னும் இல்லலா" என்றாள் மாரியாயி மேலேயிருந்து. மேலே சுற்றிய விசிறிக் காற்றில் அவள் சேலையும் அவளும் ஆடுவதைப் பார்த்த காவலாளி எழுந்துபோய் விசிறியை நிறுத்தினார். கூடம் வெக்கையாகிவிட்டது, வந்தவர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள்.