பூனை கடித்த பத்தாம் நாள்

வியாழக்கிழமை காலை டொக்டர் யோகேஸ்வரன் அழைத்தபோது, பிரேமினி ஹட்டன் நகரத்து ஆய்வு அறையில் உட்கார்ந்து மாதிரிக் குப்பிகளுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்தோராம் நம்பர். பூனை. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சேர்."

"சோதனைப் பட்டையில என்ன காட்டிச்சின்னு எழுதியிருக்கீங்க?"

"நெகட்டிவ்."

"லேப்ல பொசிட்டிவ். ரெண்டு தரம் பாத்துட்டாங்க. போன வாரம் போயா லீவு, சனி, ஞாயிறுன்னு இழுத்துப்போச்சு, இப்பதான் வந்துச்சு. பட்டை தவறவிட்டதுல இது மூணாவது." டொக்டரின் குரலில் ஆராய்ச்சிக்காரர்களுக்கே உரிய ஒரு சுறுசுறுப்பு இருந்தது. "கடிபட்டவங்க ஊசி போட்டிருப்பாங்கதானே?"

பிரேமினி கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தாள். "கேட்டுட்டு சொல்றேன் சேர்" என்று தொலைபேசியை வைத்தாள்.

அவர்களுடைய ஆய்வு விசர் நோய் என்னும் வெறிநோயைப் பற்றியது. ஒரு நாய்க்கோ பூனைக்கோ விசர் இருந்ததா என்பதை, அது செத்த பிறகு மூளையைச் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மாதிரியைத் தூரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருந்த இடத்திலேயே பத்து நிமிடத்தில் முடிவு காட்டும் சிறிய பட்டை ஒன்று புதிதாக வந்திருந்தது. இரண்டு கோடு விழுந்தால் நோய் உண்டு, ஒரு கோடு என்றால் இல்லை. அந்தப் பட்டையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பதற்காக, பிரேமினி தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் செத்த செல்லப்பிராணிகளிடமிருந்து மாதிரி எடுத்தாள். வேலையில் சேர்ந்த முதல் நாளே டொக்டர் அவளிடம் சொன்னது ஒன்றுதான். பட்டையில் என்ன விழுந்தாலும் வீட்டுக்காரரிடம் வாயைத் திறக்கக் கூடாது. கடிபட்டவர் யாரானாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

அந்த ஒன்றைத்தான் அவள் மீறியிருந்தாள்.

திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மேல் டிவிசன் தொழிலாளர் லயத்தில் நடந்தது அது. சுதர்ஷினிக்கு இருபத்துநான்கு வயது, ஆறு மாத கர்ப்பம். கணவன் சுதாகரனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவர்களுடைய சாம்பல் பூனை ஒரு திங்கட்கிழமை விறகுக் கட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. சுதர்ஷினி கையை விட்டு இழுத்தாள். பூனை அவளுடைய வலது பெருவிரலுக்குக் கீழே கவ்வி, விடாமல் தொங்கியது. மறுநாள் அதன் பின்னங்கால்கள் இழுபட்டன. புதன்கிழமை காலையில் செத்துக் கிடந்தது. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டியிருந்த ஆய்வு நோட்டீசைப் பார்த்து சுதாகரன் அழைக்க, அன்றைக்கே பிரேமினி போனாள்.

"கடிச்சதும் என்ன செஞ்சீங்க தங்கச்சி?"

"மஞ்சள் வச்சேன். பூனைதானே அக்கா. பூனைக்கெல்லாம் விசர் வருமா?"

"வரும். நீங்க இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சுதர்ஷினி உடனே தலையை ஆட்டி மறுத்தாள். இதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டாவது முறை காய்ச்சலுக்கு ஊசி போட்ட மூன்றாம் நாள் கலைந்தது. ஊசிதான் குழந்தையைத் தின்றது என்று அவள் மனதில் பதிந்துபோயிருந்தது. பிரேமினி வாசலில் குந்தி வேலையை முடிக்கும்வரை அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். மற்றக் கை வயிற்றின் மேலேயே இருந்தது.

பத்து நிமிடம் ஆனது. ஒரு கோடுதான் விழுந்திருந்தது.

"என்னக்கா காட்டுது? சொல்லுங்கக்கா. எனக்கு மயக்கம் வருது."

பிரேமினி நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். "ஒரு கோடுதான். பயப்பட ஒன்னும் இல்ல" என்றாள்.

சுதர்ஷினி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சுதாகரன் தேத்தண்ணி போட ஓடினான். "ஆனாலும் ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்று பிரேமினி கிளம்பும்போது சொல்லத்தான் செய்தாள். அது யார் காதிலும் ஏறாது என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது சுதர்ஷினியின் தொலைபேசி அணைந்து கிடந்தது. சுதாகரன் மூன்றாவது முறைதான் எடுத்தான். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"அண்ணே, தங்கச்சி ஊசி போட்டாங்களா?"

"இல்லையே மிஸ். நீங்கதானே ஒன்னும் இல்லைன்னீங்க."

"எங்க இருக்காங்க?"

"பட்டிப்பொலயில, அவ அக்கா வீட்டுல. ரெண்டு கெழம இருந்துட்டு வாறேன்னு போயிருக்கா. ஏன் மிஸ்?"

"நேர்ல சொல்றேன். லீவு சொல்லிட்டு உடனே ஹட்டன் ஸ்டேஷனுக்கு வாங்க. கோச்சியில போவோம்."

சுதாகரன் வேலை உடுப்போடு வந்தான். தலைமயிரிலும் புருவத்திலும் தேயிலைத் தூசி. ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பெட்டியின் வாசலோரம் நின்றபடி பிரேமினி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். தலவாக்கலையைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நேத்து பேசுனப்போ கை மதமதன்னு இருக்குன்னா. கொஞ்சம் காய்ச்சல் மாதிரியும் இருக்காம். குளிருக்குன்னு நெனச்சேன்."

பிரேமினி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடிபட்ட இடம் மரத்து மதமதப்பது, லேசான காய்ச்சல். பயிற்சியில் மனப்பாடம் செய்த வரி அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது. முதல் குறிகள் அவைதான். குறி தோன்றிவிட்டால் உலகத்தில் எந்த மருந்தும் இல்லை. பத்து நாள் என்பது மிகவும் சீக்கிரம், பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெரும்பாலும் என்ற சொல் அன்று அவளைத் தாங்கவில்லை.

"எந்தக் கை மதமதங்குதுன்னு சொன்னாங்களா?"

"கேக்கலையே மிஸ். கேட்டிருக்கணுமா?"

"இல்லண்ணே. சும்மாதான்."

நானுஓயாவில் வண்டி நின்றபோது அவள் டொக்டரை அழைத்தாள். "சேர், அவங்க ஊசி போடல. நான் பட்டையில வந்தத சொல்லிட்டேன். அதனாலதான் போடல."

"அத பிறகு பேசுவோம். நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு நான் பேசி வைக்கிறேன். ஆளைக் கொண்டு போங்க."

"கை மதமதங்குதாம் சேர். காய்ச்சலாம்."

"கொண்டு போங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணி குடிக்கிறாங்களான்னு பாருங்க" என்றார்.

சுதாகரன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னவாம் மிஸ்?" என்றான். "ஆஸ்பத்திரியில சொல்லி வைக்கிறாராம்" என்றாள் பிரேமினி. பட்டிப்பொலயில் இருவரும் இறங்கினார்கள்.

அக்காள் கிருஷாந்தியின் வீடு ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடை. மரக்கறித் தோட்டத்தின் நடுவில் தகரக் கூரை போட்ட வீடு. கிருஷாந்தி வெளியே லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். இருவரையும் கண்டு எழுந்தவள், "காலையில இருந்து படுத்துக் கெடக்கா. வெளிச்சம் கண்ண குத்துதுன்னு யன்னலயும் சாத்திட்டா" என்றாள்.

உள்ளே இருட்டாக இருந்தது. சுதர்ஷினி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். திறந்த கதவு வழியாகக் காற்று உள்ளே வீசியதும் அவள் உடம்பு ஒருமுறை உதறியது.

"கதவ சாத்துங்க. காத்து படுது. தாங்க முடியல."

விசர் நோய்க்காரருக்குக் காற்றுப் பட்டாலும் உடம்பு உதறும், வெளிச்சமும் ஆகாது, தண்ணீரும் விழுங்க முடியாது. பிரேமினி கதவைச் சாத்திவிட்டு அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

"கிருஷாந்தி அக்கா, தங்கச்சிக்குக் கொஞ்சம் தேத்தண்ணி குடுங்க."

தேத்தண்ணி வந்தது. சுதர்ஷினி எழுந்து உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கி, அதற்குள் பார்த்தாள். முகத்தைச் சுளித்து அதைத் தரையில் வைத்தாள்.

"வேணாம்."

"ஒரு வாய் குடிங்க."

"வேணாம்க்கா. தொண்டையில எறங்க மாட்டேங்குது."

சுதாகரனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. அவன் மனைவியின் அருகில் முட்டி போட்டு உட்கார்ந்தான். டம்ளரை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். "எனக்காகக் குடி புள்ள" என்றான். அவன் அவசரத்தில் தேத்தண்ணி கம்பளியில் சிந்தியது. சுதர்ஷினி அவனை விநோதமாகப் பார்த்துவிட்டு டம்ளரை வாங்கிக் குடித்தாள். ஒரு மிடறு. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு மிடறு. பிரேமினி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர் காலியாகும்வரை சுதர்ஷினி குடித்தாள்.

"நெஞ்சு கரிக்குதுன்னுதான் வேணாம்னேன். என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?"

"கை மதமதங்குதுன்னீங்களாம். எந்தக் கை?"

"ரெண்டும்தான். காலையில எந்திரிச்சா வெரல மடக்க முடியல. தலையும் இடிக்குது."

இரண்டு கையும். விசரென்றால் கடிபட்ட கை மட்டும்தான் மதமதக்கும். பிரேமினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அச்சம் போய்விடவில்லை. நோய் இன்னும் வெளிப்படவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. உடம்புக்குள் அது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அவள் விஷயத்தைச் சொன்னாள். சுதர்ஷினி கேட்டு முடித்ததும் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"அன்னைக்கு இல்லைன்னீங்க. இன்னைக்கு இருக்குன்றீங்க. எத நம்புறது நான்?"

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அந்தப் பட்டைய நம்பலாமான்னு பாக்கத்தான் எங்க ஆராய்ச்சியே. எனக்கே தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். நீங்க அழுததப் பாக்க முடியாம சொன்னேன்."

"ஊசி போட்டா இந்தப் புள்ளயும் போயிரும்."

"போகாது. கர்ப்பமா இருக்கவங்களுக்கும் போடுற ஊசிதான். போடலைன்னா..." மீதியைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பிரேமினிக்கு ஒரு கணம் தோன்றியது. முந்திய தடவையும் இப்படித்தான் தோன்றியது. "போடாம இருந்து நோய் வெளிய வந்துட்டா நீங்க பொழைக்க மாட்டீங்க. புள்ளயும்தான். இப்ப நேரம் இருக்கு. நாளைக்கு இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

கிருஷாந்திதான் முதலில் நகர்ந்தாள். கொடியில் கிடந்த சுவெட்டரை உருவித் தங்கையின் மடியில் போட்டாள். "எந்திரி. திட்டுறதுன்னா இவள பொறகு திட்டிக்கலாம். பக்கத்து வீட்டு ஆட்டோவக் கூப்புடுறேன்."

அம்பேவெல வழியாக நுவரெலியா போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. வழி நெடுக சுதர்ஷினி கணவனின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். அவள் இருமினாலும் கண்ணைத் தேய்த்தாலும் பிரேமினி திரும்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர் அம்மா காத்திருந்தார். காயத்தைப் பார்த்துவிட்டு, பத்து நாள் ஏன் தாமதித்தார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அதைத் தமிழில் சொல்லும்படி பிரேமினியிடம் கை காட்டினார். பிரேமினி அதைச் சுதர்ஷினியிடம் கேட்கவில்லை. நோய் இல்லையென்று சொன்னது நான்தான், இவர்கள் மேல் பிழையில்லை என்று சிங்களத்திலேயே பதில் சொன்னாள். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார்.

முதலில் ஒவ்வாமை பார்க்க முன்கையில் ஒரு சிறு ஊசி. பிறகு கடிவாயைச் சுற்றி மருந்து ஏற்றினார்கள். சுதர்ஷினி கத்தவில்லை. கணவனின் விரல்களைப் பிடித்து முறுக்கினாள். பிரேமினி தோளைத் தொடப் போனபோது உடம்பைச் சற்று நகர்த்திக்கொண்டாள். கடைசியில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வயிற்றில் கருவியை வைத்தார்கள். முதலில் கரகரப்புதான் வந்தது. நர்ஸ் இடத்தை மாற்றினாள். மறுபடி கரகரப்பு. சுதர்ஷினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு திடீரென்று வேகமாக, ஓடுகிற ஆளின் மூச்சைப் போல, அந்தத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. சுதாகரன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

கை மதமதப்பது கர்ப்பத்தில் நீர் சேர்ந்து நரம்பை அழுத்துவதால் என்று டொக்டர் விளக்கினார். காய்ச்சலும் தலையிடியும் சாதாரணத் தடிமன், சளியால் வந்தவை. மீதி ஊசிகளைத் தவறாமல் போட்டால் பயப்படத் தேவையில்லை என்றார்.

மீதி ஊசிகள் எல்லாம் உரிய நாளில் போடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் சுதாகரன் "போட்டாச்சு மிஸ்" என்று ஒரு வரி அனுப்பினான். நடந்ததை பிரேமினி எழுதிக் கொடுத்தாள். டொக்டர் யோகேஸ்வரன் அதை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினார். மூன்று மாதம் வீடுகளுக்குப் போக அவளுக்கு அனுமதி இல்லை. பட்டையை இனி ஆய்வு அறைக்குக் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும் என்று விதியும் மாறியது. அவள் குப்பிகளுக்கு இலக்கம் ஒட்டினாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மூன்று தரம் மணி அடிக்கும்வரை எடுக்கத் துணிவு வராது.

குழந்தை பிறந்த அன்று அழைத்தது சுதர்ஷினிதான். "பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ" என்றாள். சற்றுப் பொறுத்து, "உங்க மேல கோவம் போகல. ஆனா வந்து பாருங்க" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமினி போனாள். குழந்தை தூங்கியது. சுதர்ஷினி மழையைப் பற்றியும் மிட்வைஃப் மிஸ்ஸைப் பற்றியும் பேசினாள். கிளம்பும் நேரத்தில் அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டினாள். சாக்கின் மேல் ஒரு கறுப்புப் பூனைக்குட்டி சுருண்டு கிடந்தது.

"எலித் தொல்ல தாங்க முடியல. பச்சப் புள்ள இருக்க வீடு. இவருதான் கொண்டாந்தாரு. எனக்கு அதப் பாத்தாலே நடுங்குது." அவள் குரல் இறங்கியது. "இதுக்கு விசர் ஊசி எப்ப, எங்க போடலாம்?"

"சரியாத் தெரியல தங்கச்சி. கேட்டு சொல்றேன்" என்று பிரேமினி சொல்லிவிட்டு, வாசலில் இறங்கி நின்று டொக்டருக்கு அழைப்பு எடுத்தாள்.