தறி நின்றபோது உறங்கியவன்

மழைக்கு முன் ஒரு வெளிச்சம் வரும். மஞ்சளும் சாம்பலும் கலந்த வெளிச்சம். தறியின் பாவு நூலைப் போல மெல்லியது. தொட்டால் அறுந்துவிடும்.

அந்த வெளிச்சம் அங்கன்வாடியின் சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தது. அதன் மேல் பாய். பாயின் மேல் அம்மாக்கள். அம்மாக்களின் மடியில் குழந்தைகள்.

புதன்கிழமை. மடிக்கதை நாள்.

கைக்குழந்தைக்குக் கதையா என்று முதலில் தெருவே சிரித்தது. பல் முளைக்காத வாய்க்குப் படிப்பா என்றது. ஷோபனா டீச்சர் துணியில் தைத்த புத்தகங்களோடு வந்தார். ஒரு பக்கத்தில் யானை. மறுபக்கத்தில் அதன் வாழைப்பழம். குழந்தைகள் யானையைச் சப்பினார்கள்.

"சப்பட்டும்மா. புத்தகத்தோட ருசி தெரியட்டும்," என்றார்.

பிறகு தெரு சிரிக்கவில்லை. வந்து உட்கார்ந்துகொண்டது.

பிருந்தாவின் மடியில் நிகிலன். பத்து மாதம். அவன் புத்தகத்தைச் சப்புவதில்லை. கதை சொல்லும் முகத்தையே பார்ப்பான். டீச்சரின் புருவம் ஏறினால் அவன் புருவமும் ஏறும். டீச்சர் வாய் பிளந்தால் அவனும் பிளப்பான்.

"கதை கேக்கறதுல உங்க பையன்தான் ஃபர்ஸ்ட்டு," என்பார் ஷோபனா டீச்சர்.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவுக்கு அது பொறுக்காது. "அவளுக்கென்னங்க டீச்சர், குடுத்து வச்சவ. என்ற புள்ளை இருக்குதே, டம்ளர் உருண்டாப் போதும், ஊரைக் கூட்டிரும். ஏம் பிருந்தா, ஒரு வாரத்துக்கு மாத்திக்கலாமா?"

பிருந்தா சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மகனின் கன்னத்து மைப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். கண் பட்டுவிடக் கூடாது.

அது தறித்தெரு. வீட்டுக்கு வீடு விசைத்தறி. டக்கடி டக்கடி. விடிந்தாலும் டக்கடி. விளக்கு வைத்தாலும் டக்கடி. அந்தச் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் உறங்கும் பிள்ளைகள். சத்தம் அவர்களை எழுப்பாது. சத்தம் நின்றால்தான் எழுவார்கள். கரண்ட் போனதும் தெரு முழுக்க அழுகை கேட்கும்.

நிகிலனும் அப்படித்தான். அவன் தூளி தறிக்கூடத்து விட்டத்தில் தொங்கியது. தறி ஓடினால் உறங்குவான். தறி நின்றால் விழிப்பான். கூப்பிட்டால் திரும்பாதபோதும், பாத்திரம் விழுந்தும் பதறாதபோதும், வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது.

"தறி வீட்டுப் புள்ளை. அப்படித்தான் இருக்கும்."

அன்று ஷோபனா டீச்சர் தவளைக்குச் சட்டை தைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக் குழந்தைகள் உறங்கிவிட்டன. நிகிலனும் பிருந்தாவின் மடியில் உறங்கியிருந்தான்.

கரண்ட் போனது.

தெருவின் தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. ஊருக்கு மேல் யாரோ கனத்த போர்வையை எறிந்தது போல.

ஒரு குழந்தை திடுக்கிட்டது. பிறகு இன்னொன்று. பிறகு அறையே அழுதது.

நிகிலன் உறங்கிக்கொண்டிருந்தான்.

இடி விழுந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. டீச்சர் கையிலிருந்த புத்தகம் நழுவியது.

நிகிலன் உறங்கிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா கூத்தை, இதுக்கும் எந்திரிக்க..." என்று ஆரம்பித்த மல்லிகா அக்கா பாதியில் நிறுத்தினாள். பிருந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

இங்கே தூளி இல்லை. விட்டம் இல்லை. விட்டத்தின் வழியே தறி தூளியை ஆட்டவில்லை. இத்தனை நாளும் அவன் விழித்தது சத்தம் நின்றதால் இல்லை. ஆட்டம் நின்றதால்.

"நிகிலா." மெதுவாகக் கூப்பிட்டாள். "நிகிலா." சத்தமாக. "நிகிலா!"

அழுதுகொண்டிருந்த குழந்தைகள்கூட அவள் பக்கம் திரும்பின. மடியில் இருந்தவன் திரும்பவில்லை. அவள் இன்னும் குனிந்தாள். அவள் மூச்சு அவன் கன்னத்தில் பட்டது. உடனே கண் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவள் எப்படித் தாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

வீடு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. தறிகள் ஓடின. தறிக்கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை, சத்தத்தில் கேட்காது. சோற்றுக்கு ஒரு சாடை, தண்ணீருக்கு ஒன்று, நூல் அறுந்ததற்கு ஒன்று. ஒரு காலத்தில் அங்கே கூலிக்கு வந்த பிருந்தாவிடம் தனசேகர் தன் காதலைச் சொன்னதும் கையால்தான். அவள் சரி என்றதும் கையால்தான்.

இப்போது வாசலில் நின்றாள். தன் காதைத் தொட்டாள். கையை விரித்து அசைத்தாள். பிறகு மகனைக் காட்டினாள்.

தனசேகருக்குப் புரிந்தது. புரிந்ததை முகம் ஒத்துக்கொள்ளவில்லை. தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தான். "என்ன புள்ள பேசற? தறி வீட்டுப் புள்ளை..." என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் மகனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். மகன் உறங்கும்வரை நடந்தான். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிருந்தாவைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

அமைதி.

பக்கத்து வீடுகளில் தறி ஓடுவது கேட்டது. வாசலில் வாளியில் சொட்டும் மழைநீர்கூடக் கேட்டது. தோளில் இருந்தவன் சீராக மூச்சு விட்டான்.

"மாமா," என்றாள் பிருந்தா.

தனசேகர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் உறுதிப்படுத்தினார்கள். இரண்டு காதும். பிறவியிலேயே. முதலில் கருவி வைத்துப் பார்ப்போம், பிறகு ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. "அதுவரைக்கும் பேச்சை விட்டுறாதீங்க. மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க."

"கேக்காத பையன்கிட்ட என்னத்தைங்க பேசறது?"

பிருந்தா கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

அடுத்த புதன் அவள் போகவில்லை. ஷோபனா டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"அத்தனை கதையும் வீண்தானுங்களே டீச்சர்? நான் ராத்திரியெல்லாம் சொன்னது. சோறு ஊட்டறப்ப சொன்னது. ஒண்ணுகூட அவனுக்குப் போய்ச் சேரலையே. நான் அவன் அம்மான்னாவது அவனுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியலம்மா," என்றார் டீச்சர். கண்கள் சிவந்திருந்தன. "ஃபர்ஸ்ட்டு ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னவ நான். எனக்கே தெரியல. ஆனா வாங்க. அவன் என் மூஞ்சியைத் தேடுவான். எனக்கு அது தெரியும்."

அதற்காகப் போனாள். அதற்காக மட்டும்.

தகரக் கூரையில் மழை இறங்கியது. டீச்சர் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நிகிலனைப் போல.

பிருந்தாவுக்குக் கதையில் மனம் இல்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நிகிலன் அவள் மடியில் எழுந்து நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான்.

பிறகு அவள் முகத்துக்கு வந்தான். தன் சின்ன விரலால் தன் மூக்கின் ஓரத்தைத் தொட்டான். இடது பக்கம். அவளைப் பார்த்தான்.

மறுபடியும் தொட்டான்.

பிருந்தாவின் இடது மூக்கில் மூக்குத்தி. தறிக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து தனசேகர் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். அந்தக் கூடத்தில் அதுதான் அவள் பெயர். யாரும் நிகிலனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

திரும்பினாள்.

ஜன்னலுக்கு வெளியே தனசேகர். இந்த மடிக்கதைக்கு எந்த அப்பாவும் வந்ததில்லை. அவன் குடையோடு அழைத்துப்போக வந்திருந்தான். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டானோ. ஒரு விரல் இன்னும் மூக்கோரத்திலேயே இருந்தது. மகனின் விரலைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த குடை சாய்ந்தது. நனைவது தெரியாமல் நின்றான்.

மல்லிகா அக்கா எழுந்துவிட்டாள். "அய்யோ சாமி. அப்பன் கூப்புடறான்னு சொல்றான்டி!"

டீச்சரின் கதை நின்றுபோனது.

நிகிலனுக்கு அவசரம். அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ. இந்த முறை தன் மூக்கைத் தொடவில்லை. அவள் மூக்குத்தியைத் தொட்டான். விரலை எடுக்கவே இல்லை.

மழை விடவில்லை. ஆனாலும் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. மஞ்சளும் சாம்பலும். அது அந்தச் சின்ன விரல்மேல் விழுந்தது. அறுந்துவிடவில்லை.